தாய்மாமன் மாட்டிய அட்டை

ஏப்ரல் 14

பேரன்புக்கும் பெருங்காற்றுக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாகத் தீவில் உட்கார்ந்து பலூன் விடும் தங்களுக்கும், ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம் குடியிருப்பின் ஒரே லிஃப்ட், ஆறு மாடிகளையும் அலுக்காமல் சுமந்த அந்தப் புண்ணியாத்மா, இன்று காலை செயலிழந்தது. கதவில் 'பழுது, படியைப் பயன்படுத்தவும்' என்று ஓர் அட்டை தொங்குகிறது. ஆறாம் மாடியிலிருந்து நம் குடியிருப்புச் செயலாளர் அம்மா படி வழியாகவே இறங்கி வந்து அஞ்சலி செலுத்தினார். அவர் உதிர்த்த சொற்களை இங்கே எழுதினால் தபால்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்து பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஜம்மென்று மேலே போனது. "ஓடுதே!" என்றார். கீழே வந்தது. "நல்லாத்தானே ஓடுது!" என்று தலையைச் சொறிந்தார். வந்தது வந்தாயிற்று என்று நம் வீட்டுக்கு ஏறி வந்து அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி, முக்கியத்துவம் குறைந்த செய்திகள். அக்கா நலம். உள்ளே இருப்பவரும் நலம். மூன்றாம் மாதம் முடிந்தது. நேற்றுக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தவள், "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாளாம். திரும்பி வந்தால் அந்த மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த வரியப் படிச்சா எனக்கும் வாந்தி வருமா மேடம்?" என்றாராம்.

படகுத்துறையில் என்னிடம் "வீட்டப் பாத்துக்கடா" என்றீர்கள். நான் அதை நியமன உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். நிலைமையை யோசித்துப் பாருங்கள். புருஷன் ஆறு மாதம் தீவில். மனைவிக்கு வயிறு வளர்கிறது. தினம் சாயங்காலம் இன்னொருவர் பையும் கையுமாக வருகிறார். நம் வீட்டு நாலு பேருக்கும் இது சாப்பாட்டு மேசையில் பேசி முடித்த சாதாரண விஷயம். ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்கிறார்களே, அந்த நாலு பேர் வேறு, நம் நாலு பேர் வேறு.

ஆகவே ஒரு ராஜதந்திரம் ஆரம்பித்திருக்கிறேன். விவரம் பரம ரகசியம். நீங்கள் நிம்மதியாகப் பலூன் விடுங்கள்.

அப்பா யார் என்று ஊர் ஆயிரம் பேசட்டும். தாய்மாமன் யார் என்பதில் ஒரு சந்தேகமும் வராது. என் பதவிக்குத் தேர்தலே கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் பிள்ளையின் ஒரே, அசல், அசைக்க முடியாத தாய்மாமன்,
வாலு


மே 2

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் நசுங்கி வந்து சேர்ந்தது. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எங்கள் சமையல்காரர் கதவைத் திறந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனார். இங்கே சிரிப்பது அவ்வளவு அபூர்வம்.

உன் அக்கா எழுதும் நாலு பக்கத்திலும் 'எல்லாம் நலம்' என்பதுதான் இருக்கிறது. மெக்கானிக் எழுதுவது இரண்டே வரி. அதில் இரண்டாவது வரி அவர் கையெழுத்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதை நீ ஒருவன்தான் எழுதினாய். இனிமேலும் அந்த மாதிரி விஷயங்களை எழுது. எனக்கு அதுதான் வேண்டும்.

வானிலை நிலையத்தில் நான் பலூன் விடுவதை நீ கிண்டல் செய்கிறாய், செய். ஆனால் ஒன்று தெரியுமா, கையை விட்டுப் போகிறவரைதான் அது என் பலூன். அதற்கப்புறம் மேலே போய்க்கொண்டே இருக்கும். அது அனுப்பும் எண்களைக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொள்வதுதான் என் வேலை. கொஞ்ச நாளாக நம் வீடும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இதை உன் அக்காவுக்கு எழுதவில்லை. நீயும் சொல்லாதே. இல்லை, சொன்னால் சொல். மறைக்க ஒன்றுமில்லை.

கேட்டது நான்தானே? சிறு வயதில் வந்த நோயும் அதற்குக் கொடுத்த மருந்துமாக எனக்குப் பிள்ளை பிறக்காது என்பது கல்யாணத்துக்கு முன்பே உன் அக்காவுக்குத் தெரியும். எங்களில் யாருக்கு வேறு யார்மீது அன்பு வந்தாலும் மறைக்கக் கூடாது, மறிக்கவும் கூடாது என்பதும் நாங்கள் இருவரும் அப்போதே பேசி வைத்ததுதான். எனக்கு ஒரு காலத்தில் அந்த நூலகர் இருந்தார். உன் அக்காவுக்கு நாலு வருடமாக மெக்கானிக். அவர் எனக்கும் நண்பர்தான். ஒரு பிள்ளை வேண்டும் என்று எங்களுக்கு ஆசை வந்தபோது, முகம் தெரியாத ஒருவரைத் தேடிப் போவானேன் என்று நானும் அவளும் சேர்ந்தே நினைத்தோம்.

அன்று மேசையில் நீயும் இருந்தாய். நான் கேட்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க கேக்குறீங்களா, அவ கேக்கச் சொன்னாளா?" என்றார். "நான்தான் கேக்குறேன்" என்றேன். "அப்ப புள்ளைக்கு அப்பா நீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன். அதுபோதும் எனக்கு" என்றார். உன் சம்மதத்தையும் கேட்டோம். நீ கேட்ட ஒரே கேள்வி: "அப்ப என் ரூம் போயிருமா?"

அவர் சொன்ன சொல்லில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனாலும் பக்கத்திலேயே இருப்பவர் அவர், கடலுக்கு நடுவில் இருப்பவன் நான் என்று சில நாள் தோன்றிவிடுகிறது.

அது என்ன ராஜதந்திரம்? உடனே எழுது. உன் ராஜதந்திரம் எனக்குத் தெரியாததா?

அன்புடன்,
அத்தான்


மே 19

அத்தானுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று கைதட்டத் தயாராகுங்கள்.

லிஃப்ட் பழுதாகவே இல்லை. அட்டையை மாட்டியது அடியேன்.

திட்டம் எளிமையானது, ஆகவே மகத்தானது. காலையில் அக்காவை லிஃப்டிலேயே கீழே கொண்டுபோய்க் கடைக்கு அனுப்பிவிடுவேன். அவள் தெருமுனை திரும்பியதும் பையிலிருந்து அட்டை வெளியே வரும். அவளுடைய கடையிலிருந்து சுட்ட மூக்குக்கண்ணாடிக் கயிற்றில் கோத்திருக்கிறேன், பார்வைக்கு லட்சணமாக இருக்கும். யாராவது கம்பெனிக்குப் போன் செய்வார்கள். சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் சீருடையில், பையோடு, தலைவாசல் வழியாக, எல்லோரும் பார்க்க வருவார். "பாவம், லிஃப்ட் பாக்க வந்திருக்காரு" என்பார்கள். வேலையை முடித்துவிட்டு ஐந்தாம் மாடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எப்படி என் மூளை!

இதில் ஒரே ஒரு சிறு சிக்கல். மெக்கானிக் அண்ணன் உண்மையிலேயே பழுதைத் தேட ஆரம்பித்துவிட்டார். மொட்டைமாடி மோட்டார் அறையைக் குடைந்து போட்டிருக்கிறார். ரிலே மாற்றினார். கதவுச் சுவிட்ச் மாற்றினார். நேற்று லிஃப்ட் கதவில் காதை வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பது போல வெகுநேரம் நின்றார். "நான் வந்தா ஓடுறா, போனா நின்னுடுறா. இவளுக்கு எம்மேல என்ன கோவம்னு தெரியலையே" என்றார். அக்கா, "நான் கோவப்பட்டாக்கூட இவ்வளவு யோசிச்சதில்ல" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்ட மாதிரியான விஷயம் ஒன்று. குழந்தைக்குக் கட்டில் வாங்கி வந்திருக்கிறார். பிரிக்காத பெட்டியாக என் அறையில் நிற்கிறது (ஆக, என் அறை போகவில்லை, பாதிதான் போயிருக்கிறது). நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "அவர் வரட்டும். ஒரு பக்கம் அவர் புடிக்கணும், ஒரு பக்கம் நான் முடுக்கணும்" என்றார். "ஒரு ஆளே மாட்டிடலாம்ணே, படம் போட்டுருக்கு பாருங்க" என்றேன். "படத்துல ரெண்டு ஆளு இருக்குடா" என்றார். பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. படத்தில் ஒரே ஆள்தான்.

வெற்றிமுகத்தில்,
தாய்மாமன்


ஜூன் 6

வாலுக்கு,

அட்டையைக் கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே கழற்று.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரிகிறது, அதனால்தான் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமும் இல்லை, நிம்மதி. அப்பாடா, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி. அதை நினைத்துத்தான் சாயங்காலம் முழுக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பலூனைக்கூடக் கோணலாக விட்டேன்.

நம் வீட்டில் என்ன சட்டம் இருக்கிறது, யோசி. பாத்திரம் யார் கழுவுவது என்பதற்குக்கூட நம்மிடம் சட்டம் கிடையாது. பொய் கிடையாது என்கிற ஒன்றே ஒன்றுதான். அது இருப்பதால்தான் மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து அப்படி ஒரு பேச்சைப் பேச முடிந்தது. நீ அந்த மேசைக்கு அடியில் ஒரு பொய்யை வளர்க்கிறாய்.

இன்னொன்று. அவருக்குத் தன் வேலைமீது எவ்வளவு மானம் என்று உனக்குத் தெரியும். இல்லாத பழுதைத் தேடி அவரை அலையவிடாதே. நீயே போய்ச் சொல். நேரே, முகத்தைப் பார்த்து.

கட்டிலைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது அந்தத் தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது. படத்தில் ஒரே ஆள்தான் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

அத்தான்


ஜூலை 9

மாண்புமிகு அத்தான் அவர்களுக்கு,

கட்டளை நிறைவேற்றப்பட்டது. அட்டை கழற்றப்பட்டது. மெக்கானிக் அண்ணனுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லும் விதத்தில் சொல்லியாகிவிட்டது. அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நடுவில் ஒரு சின்னப் புயல் வந்து போனது. உங்கள் கருவிகளில் பதிவாகியிருக்காது. செயலாளர் அம்மா, எல்லாக் குடித்தனங்களிடமும் கையெழுத்து வாங்கி, 'இந்த மெக்கானிக்குக்கு வேலை தெரியவில்லை' என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பியிருந்தார். கம்பெனி அவரை நாட்டின் இன்னொரு மூலைக்கு மாற்றி உத்தரவு போட்டுவிட்டது. ஆகஸ்டிலேயே போய்ச் சேர வேண்டுமாம். குழந்தை பிறக்கும்போது இங்கே இருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அவர் உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு, "மாத்தினது பெருசில்ல. வேல தெரியாதுன்னு எழுதிட்டாங்க" என்றார். அக்கா ஒன்றும் பேசவில்லை. கட்டில் பெட்டியின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பார்த்தேன். இது தாய்மாமன் இறங்க வேண்டிய களம் என்று புரிந்தது. இறங்கவில்லை, ஏறினேன், ஆறாம் மாடிக்கு. செயலாளர் அம்மாவிடம் இரண்டே நிமிடம், ஒரு வக்கீல் வாதாடுவது போல, கணீரென்று, எடுத்த எடுப்பில், பாயிண்ட் பாயிண்டாகப் பேசினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அல்லவா, வாயடைத்துப்போனார். அப்போதே புகாரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினார். மாற்றல் ரத்து! அதோடு விட்டாரா? என் திறமையை மெச்சி என்னைத் தன் தனி உதவியாளராகவும் நியமித்துக்கொண்டார். தினமும் என் சேவை அவருக்குத் தேவைப்படுகிறது.

அக்கா இப்போது மறுபடியும் பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். குழந்தை உதைக்கிறதாம். கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தேன். உதைத்தது. என் கையை அடையாளம் தெரிந்துகொண்டுதான் உதைத்தது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
வக்கீல், தனி உதவியாளர், தாய்மாமன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள வக்கீலுக்கு,

மூன்று வாரமாகக் கடல் சரியில்லை, படகு வரவில்லை. மழை வரும் என்று நானே எழுதி அனுப்பி, அதே மழையில் நானே மாட்டிக்கொண்டேன். இப்போது எல்லாக் கடிதமும் சேர்ந்து வந்திருக்கிறது.

மாற்றல் ரத்தானது என்று படித்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் காற்றில் நின்றேன். ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். அவர் வெகுதூரம் போய்விடுவார் என்று படித்தபோது, இனி நான் மட்டும்தான் பக்கத்தில் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. உன் அக்கா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது. அந்தக் கட்டிலின் ஒரு பக்கத்தை நான் மட்டும் பிடித்துக்கொண்டு நின்று என்ன செய்ய? போன கடிதங்களில் நான் புலம்பியதெல்லாம் அன்றோடு சரி. இதை அவர்கள் இருவருக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன் என்கிறாய். அவர் கடிதமும் இதே படகில் வந்தது. வழக்கம்போல இரண்டு வரி. முதல் வரி: 'எல்லாரும் நலம், அந்த லிஃப்டில் என்ன பழுது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.'

செப்டம்பர் கடைசிப் படகில் வருகிறேன். வந்ததும் முதல் வேலை கட்டில். இரண்டாவது வேலை நீ.

அத்தான்


அக்டோபர் 8
அனுப்புநர்: என் அறை. பெறுநர்: பக்கத்து அறை.

அத்தானுக்கு,

கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். நீங்கள் வந்து பத்து நாளாகப் "பேசணும்டா" என்கிறீர்கள். நானும் குழந்தை அழுகிறது, அக்கா கூப்பிடுகிறாள், பால் வாங்க வேண்டும் என்று நழுவிக்கொண்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. எழுதினால்தான் எனக்கு வாய் இருக்கிறது.

முதலில் சந்தோஷமானதை எழுதிக்கொள்கிறேன், தைரியம் வரட்டும். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் நம் பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "அப்பா யாருங்க?" என்றாரே. நீங்கள் மெக்கானிக் அண்ணனைக் கைகாட்டினீர்கள். அவர் உங்களைக் கைகாட்டினார். நர்ஸ் நடுவில் நின்று பந்தாட்டம் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். உள்ளேயிருந்து அக்கா, "ரெண்டு பேருந்தாங்க! யார் கை சும்மா இருக்கோ அவங்ககிட்ட குடுங்க!" என்று கத்தினாள். நீங்கள் இருவரும் சேர்ந்து கை நீட்டினீர்கள். இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வக்கீல் மாதிரி வாதாடவில்லை. ஆறாம் மாடி அழைப்பு மணியை அடித்தேன், கதவு திறந்தது, ஓவென்று அழுதுவிட்டேன். பாயிண்ட் பாயிண்டாக வந்தது விக்கல். செயலாளர் அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அட்டை, கயிறு, சீருடை, நாலு பேர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க தப்பா நெனச்சுரக் கூடாதுன்னுதான்" என்றேன்.

"எதை?" என்றார்.

"அக்கா... மெக்கானிக் அண்ணன்..."

"அடப்பாவி, அத உங்கக்கா மூணாம் மாசமே சொல்லிட்டாளேடா!"

கடைக்குக் கண் சோதிக்கப் போனாராம். 'விசேஷமா?' என்று கேட்டாராம். அக்கா லென்ஸை மாற்றிக்கொண்டே, "ஆமாங்க. வளக்கப்போற அப்பா தீவுல பலூன் விடுறாரு. இன்னொருத்தர் நம்ம லிஃப்டப் பாக்குறாரு. மூணு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். இப்ப இந்த வரி தெரியுதா?" என்றாளாம். "தெரியுதுன்னேன். வேற என்னத்தச் சொல்றது? ரெண்டு நாள் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவங்க வீடு, அவங்க புள்ளைன்னு விட்டுட்டேன்" என்றார் செயலாளர் அம்மா.

"அப்ப மத்தவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சா மத்தவங்களுக்குத் தனியா வேற சொல்லணுமா?" என்றார். பிறகு தன் காலைத் தடவிக்கொண்டே, "இதுக்காடா எம் முட்டிய ஆறு மாடி ஏத்தி எறக்கின?" என்றார். அந்தக் குரலில்தான் அவர் பள்ளிக்கூடம் நடத்தியிருக்க வேண்டும்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தை நான் காத்தேன். அது ரகசியமே இல்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது.

தனி உதவியாளர் பதவியும் நான் எழுதியது போல் இல்லை. அவர் சந்தையிலிருந்து வந்ததும் பைகளை என்னிடம் கொடுத்துவிட்டு லிஃப்டில் போவார். நான் படியில் சுமந்துகொண்டு போக வேண்டும். வருடம் முடிகிறவரை. கதவு மூடும்போது எனக்குக் கையசைக்கிறார்.

அட்டையை நீங்கள் சொன்னதும் கழற்றினேன், அது உண்மை. ஆனால் மெக்கானிக் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லப் போனேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்ததும் உண்மைதான். ஆனால், "என்னடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, பரீட்சையா?" என்று கேட்டுத்தான் தட்டினார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் அம்மாவும், "அத நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்று விட்டுவிட்டார்.

நேற்று மெக்கானிக் அண்ணன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினார். நானும் கூட இருந்தேன். "நல்லாக் கேளு பாப்பா, ரெண்டாம் மாடி தாண்டுறப்ப ஒரு சத்தம் மாறும், எங்க கோளாறுன்னு அப்பாவுக்குப் புடிபடல, நீ கண்டுபுடி" என்றார். பாப்பா என்னைத்தான் பார்த்தாள். பிறந்து ஆறு நாள் ஆன குழந்தைக்குக் கண் நிலைக்காது என்று அக்கா சொல்கிறாள். கண்ணாடிக் கடைக்காரிக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? என்னைத்தான் பார்த்தாள். நான் மூன்றாம் மாடியிலேயே இறங்கிப் படியேறி வந்துவிட்டேன்.

இப்போது அவர் கூடத்தில்தான் இருக்கிறார், பாப்பா துணியை மடித்துக்கொண்டு. நான் போய்ச் சொல்கிறேன். ஆனால் தனியாகப் போக முடியாது. நீங்களும் வரவேண்டும். கட்டில் மாட்டும்போது நீங்கள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டீர்கள், அவர் முடுக்கினாரே, அதுபோல என்னையும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் முடுக்குகிறபடி முடுக்கிக்கொள்ளட்டும்.

கதவைத் தட்டுங்கள். தூங்குவது போல நடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தாய்மாமன் (தற்காலிகம்)